நல்லெண்ணெய் குடித்த பலகை

வேங்கிக்காலில் நான் பெயிண்ட் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் என் கடை வாசலிலேயே நின்றுகொண்டு, என்னிடம் சரக்கு வாங்க வந்தவரைப் பார்த்து, "இந்த வார்னிஷ் வேணாங்க, உங்க கதவுக்கு ஒத்து வராது" என்று சொன்ன ஒரே ஆள் கஸ்தூரிதான். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வந்தவர் அவள் சொன்ன வேறொரு சரக்கை என்னிடமே வாங்கிக்கொண்டு போனார். அதனால் கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி குறைய இன்னும் சில வருஷம் ஆயிற்று.

கஸ்தூரி மரத்துக்கு பாலிஷ் போடுகிறவள். வயது நாற்பத்திரண்டு. அடி அண்ணாமலையில் வீடு. கணவர் குமரேசன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். என்னைப் பரசுராமன் அண்ணா என்று கூப்பிடுகிறவள் என்பதால் அவள் இவள் என்றே எழுதுகிறேன். மற்றபடி மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

அவள் வாய் அப்படி. கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒருவர் புது வீடு கட்டி, வாசல் கதவைத் தட்டித் தட்டிக் காட்டி, "பர்மா தேக்கு" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். கஸ்தூரி குனிந்து மோந்து பார்த்தாள். "இது தேக்கு இல்லீங்க. சாயம் போட்டிருக்காங்க" என்றாள். அந்த வேலை போயிற்று. கதவைச் செய்த ஆசாரியோடும் தகராறு. "வாயை மூடிக்கிட்டு பாலிஷ் போட்டுட்டு வந்திருக்கலாம் இல்ல?" என்று நான் கேட்டதற்கு, "கேட்டாருண்ணா. 'எப்படி இருக்குது?'ன்னு கேட்டாரு. கேட்டா சொல்லாம எப்படி இருக்கறது?" என்றாள். அவளுடைய சட்டம் அவ்வளவுதான். தானாகப் போய் எதையும் சொல்ல மாட்டாள். கேட்டால் மறைக்க மாட்டாள்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே ஒரு பௌர்ணமியால். அப்போது சித்தாளாக மண் சுமந்துகொண்டிருந்தாள். ஒரு வீட்டுக்கு மறுநாள் விடியற்காலையில் புதுமனை புகுவிழா. நாலு கதவு பாலிஷ் பாக்கி. பாலிஷ்காரர் ஊருக்கு வெளியிலிருந்து வர வேண்டும். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸையெல்லாம் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள், மனுஷர் வந்து சேரவில்லை. கதவுகளை உப்புத்தாளால் தேய்த்து வைப்பது மட்டும்தான் கஸ்தூரியின் வேலை. தேய்த்து முடித்தவள், ஒரு மாதமாகப் பக்கத்தில் நின்று பார்த்ததை வைத்துத் தானே பாலிஷையும் போட்டுவிட்டாள். மறுநாள் வந்த பாலிஷ்காரர் வீட்டுக் கதவுகளையெல்லாம் பார்த்துவிட்டு, அவற்றில் எதெல்லாம் தான் முன்னாலேயே போட்டது என்று மேஸ்திரியிடம் கேட்டாராம். இப்போது அவளுக்குக் கீழே மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள்.

அவள் துணியால் எண்ணெய் தடவுவதைவிட உள்ளங்கையால் தடவுவதுதான் ஜாஸ்தி. மரத்தில் எந்த இடம் குடிக்கிறது, எந்த இடம் போதும் என்கிறது என்பது கைக்குத்தான் தெரியுமாம். நானும் ஒருநாள் தடவிப் பார்த்தேன். என் கைக்கு எண்ணெய்ப் பிசுக்கு மட்டும்தான் தெரிந்தது.

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், கீதாஞ்சலி என்ற பெண் கடைக்கு வந்தாள். இங்கே வேங்கிக்காலில்தான் வீடு. கேளம்பாக்கம் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கண் சிவந்திருந்தது.

"அங்கிள், அஞ்சு லிட்டர் தின்னர் குடுங்க."

உப்புத்தாள் பொறுக்கிக்கொண்டிருந்த கஸ்தூரி திரும்பினாள். "எதுக்கும்மா அஞ்சு லிட்டரு?"

"கழுவணும்."

"எத?"

வாசலில் நின்ற குட்டியானை வண்டியைக் கீதாஞ்சலி காட்டினாள். அதன் பின்பக்கம் பெட்ஷீட் சுற்றி ஒரு பொருள் நீட்டிக்கொண்டிருந்தது. பெட்ஷீட்டை விலக்கினால், ஒன்பதடி நீளத்தில் மரப்பலகை. முன்பக்கம் மழுங்கி, பின்பக்கம் ஒடுங்கி, மேலே லேசாக வளைந்திருந்தது. கடல் அலைமேல் ஏறி நின்று சறுக்கிப் போகிற சர்ஃப் போர்டு என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சாதாரணமாக இதையெல்லாம் ஃபைபரில் செய்வார்களாம். இது மலைவேம்பு மரத்தை மெல்லிசாக அறுத்து, உள்ளே கூடாக விட்டு ஒட்டியது. அவளுடைய தோழி ஒருத்தி வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. ஹாஸ்டலில் ஆள் படுக்கவே இடமில்லை என்பதால் பலகையை இங்கே வீட்டு மாடி அறையில் வைத்திருந்தாள். ஈரத்தை இழுக்காமல் இருக்க அதற்கு அவ்வப்போது எண்ணெய் போட வேண்டும். அதற்காகப் பழைய பூச்சையெல்லாம் தேய்த்து எடுத்து, வெறும் மரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். அந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

கஸ்தூரி வண்டியில் ஏறிப் பலகையைத் தடவினாள். விரலை மோந்தாள். "நல்லெண்ணெய்" என்றாள்.

"அம்மா" என்றாள் கீதாஞ்சலி. அப்படியே அழுதுவிட்டாள்.

அவளுடைய அம்மா கன்னியம்மாளை எனக்கும் கஸ்தூரிக்கும் தெரியும். அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். கடல் என்றாலே அந்த அம்மாவுக்குச் சுனாமிதான். டிவியில் பார்த்தது மனதில் அப்படியே தங்கிவிட்டது. பெண் அலைமேல் ஏறுகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருஷமாக அந்தப் பலகையைத் தொட்டதில்லை. அது இருக்கிற மாடி அறைக் கதவையும் சாத்தியே வைத்திருந்தார்.

"இந்த ஆயுத பூஜைக்கு அவங்களாவே கீழ எறக்கி, தையல் மிஷினு, மிக்சி, என் ஸ்கூட்டி எல்லாத்தோடயும் சேத்து வச்சிருக்காங்க அக்கா. பலகை காஞ்சு கெடக்குதேனு, கோயில் விளக்குக்கு வச்சிருந்த நல்லெண்ணெயில அரை பாட்டில எண்ணெய்க்காப்பு மாதிரி தடவி, பொட்டு வச்சு, எனக்கு போட்டோ அனுப்புனாங்க. பாத்துட்டு அழுதேன். சந்தோஷம் ஒரு பக்கம். பலகை போச்சேனு ஒரு பக்கம்."

நல்லெண்ணெய் காயாது. சாமி சிலைக்கு நல்லது, தலைக்கு நல்லது. மரத்துக்குள் போனால் நாள் கணக்கில் பிசுபிசுப்பாகவே கிடந்து, தூசியையும் எறும்பையும் சேர்க்கும். அதன்மேல் கால் பிடிப்புக்குத் தேய்க்கிற மெழுகும் ஒட்டாது. மெழுகு ஒட்டாத பலகையில் அலைமேல் எழுந்து நின்றால் வழுக்கி விழ வேண்டியதுதான். கோவளத்தில் பதினாலு நாளில் மரப்பலகைக்காரர்களுக்கு மட்டும் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். அம்மா முதல்முறையாக மனம் இறங்கி, "நானும் வந்து பாக்கறேன்" என்று சொன்ன போட்டி அது.

"அம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாது அக்கா. தெரிஞ்சா, 'நான் தொட்டாலே இப்படித்தான்'னு மறுபடியும் கதவ சாத்திடுவாங்க."

கஸ்தூரி வண்டியிலிருந்து இறங்கினாள். "நானா போய் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா அவங்க கேட்டா மறைக்க மாட்டேன். பரவால்லன்னா எறக்கு."

வேறு வழியில்லாமல் கீதாஞ்சலி தலையாட்டினாள். கன்னியம்மாள் கேட்காமல் விடுகிறவர் இல்லை.

தின்னரை கஸ்தூரி தொடவிடவில்லை. அது எண்ணெயை உள்ளே தள்ளிவிடும் என்றாள். என் கடை மொட்டை மாடியில் இரண்டு முக்காலி போட்டுப் பலகையைப் படுக்க வைத்தோம். பலகை நடுவில் சின்னதாக ஒரு பித்தளைத் திருகாணி இருந்தது. அதன் தலையிலும் கன்னியம்மாள் குங்குமப் பொட்டு வைத்திருந்தார். பலகைக்கு உள்ளே காற்று இருக்கிறது, வெயிலில் அது உப்பினால் ஒட்டு விட்டுப்போகும், அதனால் கரையில் இருக்கும்போது திருகாணியைத் திறந்து வைக்க வேண்டும், தண்ணீரில் இறங்கும் முன்னால் இறுக்கி மூட வேண்டும் என்று கீதாஞ்சலி சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

கஸ்தூரி சாக்பீஸ் தூளை டர்பன்டைனில் குழைத்து, தோசை மாவு பதத்தில் பலகை முழுக்கப் பூசினாள். வெயிலில் காயக் காயத் தூள் எண்ணெயை இழுத்து மஞ்சளாகும். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் பூச வேண்டும். காலையில் தன் வேலைக்குப் போகும் முன் ஒரு தரம், மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். மதிய வெயிலில் எதிரே தெரிகிற மலையே கண்ணுக்குக் கூசும். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சுரண்டிக்கொண்டிருப்பாள்.

ஐப்பசி பிறந்துவிட்டது. நாலாம் நாள் மதியம் சொல்லாமல் கொள்ளாமல் மழை பிடித்தது. கஸ்தூரி எங்கேயோ வேலையில் இருந்தாள். நான் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். போர்த்திய பிறகுதான் திருகாணி திறந்திருப்பது நினைவுக்கு வந்தது. ஸ்க்ரூ டிரைவர் கீழே இருந்தது. சட்டைப் பையிலிருந்த ஒரு ரூபாய் நாணயத்தைத் திருகாணியின் பள்ளத்தில் விட்டுத் திருகி மூடினேன். அதை நான் நாலைந்து தரம் சொல்லிக் காட்டினேன். கஸ்தூரி ஒரு தரம்கூடப் பாராட்டவில்லை. "உள்ள ஒரு சொட்டும் போவல" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் வெயிலே இல்லை. எனக்குப் பொறுமை போயிற்று. "மேல பி.யு. கோட்டிங் அடிச்சு மூடிடலாம். எண்ணெய் உள்ள கெடந்துட்டுப் போவுது" என்றேன்.

"நாலு நாளைக்கு பளபளன்னு இருக்கும்ணா. அப்புறம் தோல் உரியற மாதிரி உரியும். அவ அலைமேல இருக்கறப்ப உரிஞ்சா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். சரக்கு விற்கிற வாய்க்கு அது பெரிய விஷயம்.

ஏழாம் நாள் வெயில் வந்தது. அன்று சாயங்காலம் அவள் பலகைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தாள். முதல் நாள் இப்படி வைத்தபோது தாள், பஜ்ஜி மடித்த காகிதமாட்டம் ஊறிப்போயிருந்தது. இப்போது தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பொட்டுகூட இல்லை. கஸ்தூரி சிரித்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் கன்னியம்மாள் ஏறி வந்தார். கையில் சுண்டல் டப்பா.

"கீதா பலகைய உங்ககிட்ட சர்வீஸுக்கு விட்டிருக்கேன்னு சொன்னா. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." சொல்லிக்கொண்டே சுற்றிப் பார்த்தார். மூலையில் மூன்று சாக்கு நிறைய, சுரண்டி எடுத்த சாக்பீஸ் தூள் மஞ்சளாகக் கிடந்தது. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தார். தினம் நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிற கை. அதற்கு நல்லெண்ணெய்ப் பிசுக்கு தெரியாமல் போகுமா?

"கஸ்தூரி, நான் தடவுன எண்ணெயாலதான் இவ்ளோ வேலையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று நான் பாய்ந்தேன். "இது வழக்கமா பண்றதுதான். வருஷத்துக்கு ஒரு தரம்..."

"ஆமாங்கக்கா" என்றாள் கஸ்தூரி. "நல்லெண்ணெய் காயாது. அப்படியே விட்டிருந்தா பொண்ணு வழுக்கி விழுந்திருக்கும்."

கன்னியம்மாள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. எனக்கு அந்த நிமிஷம் கஸ்தூரியைப் பிடித்து நாலு அறை விடலாம் போல இருந்தது. ஒரு சின்னப் பொய்யில் முடிய வேண்டிய விஷயம்.

"நான் தொடாமயே இருந்திருக்கணும்" என்றார் கன்னியம்மாள். "தெரியாத வேலைல எனக்கு எதுக்கு கை." டப்பாவைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுப் படிப்பக்கம் நடந்தார்.

"நில்லுங்கக்கா. பாதி கேட்டுட்டுப் போனா எப்படி?"

அவர் நின்றார். திரும்பவில்லை.

"எண்ணெய்தான் தப்பு. தடவுன கை தப்பில்ல. ஏழு நாளா இந்தப் பலகைய தடவித் தடவிப் பாக்கறேன். அடியில, ஓரத்துல, பின்னாடி மீனுக்கு இருக்கற மாதிரி துடுப்பு சொருகற பள்ளத்துலகூட எண்ணெய் போயிருக்குது. ஒரு எடம் விடல நீங்க. ஒரு எடத்துல கம்மி, ஒரு எடத்துல ஜாஸ்தினு இல்ல. என்கிட்ட மூணு பொண்ணுங்க வேலை செய்யுது. ஒருத்திக்கும் இப்படி வராது. நாளைலருந்து சரியான எண்ணெய் போடணும், மூணு நாளைக்கு. நீங்க வந்து போடுங்க."

"மனசு நோகக்கூடாதுன்னு சொல்றியா?"

"அப்படி சொல்ற ஆளா இருந்தா மொதல்லயே இல்லன்னு சொல்லிருப்பேனே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வாயிலிருந்து, பழகிய பதினொரு வருஷத்தில் எனக்கு ஒரு பாராட்டு வந்ததில்லை. நாணயத்தால் திருகாணியை மூடியதற்குக்கூட வரவில்லை. அப்படிப்பட்ட வாய் நல்லது சொன்னால் அதை வாங்கிக்கொள்ள யோசிக்கவே வேண்டாம். மற்றவர்கள் பாராட்டைப் போல அதில் கழிக்க ஒன்றும் இருக்காது. கன்னியம்மாளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். மறுநாள் மதியம் பள்ளிக்கூடத்துப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இரண்டரை மணிக்கெல்லாம் மாடியில் இருந்தார்.

காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். அது காற்றுப் பட்டால் தானே காய்ந்து இறுகும். கஸ்தூரி அதில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து கொடுத்தாள். கன்னியம்மாள் உள்ளங்கையால் நீளவாக்கில் தடவினார். கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலே நிற்கிற எண்ணெயையெல்லாம் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். "போடறதவிட தொடைக்கறதுதான்க்கா வேலை" என்றாள் கஸ்தூரி. கன்னியம்மாள் துடைத்த துணிகளைப் பத்திரமாகச் சுருட்டி முடிச்சுப் போட்டார். எதற்கு என்று கேட்டால், தீபத்தன்று திரிக்கு ஆகும் என்றார். கஸ்தூரி பதறிப் போய்ப் பிடுங்கினாள். இந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். ஒவ்வொன்றையும் தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட்டாள். "தீபத்துக்கு முன்னாடியே என் கடையில தீபம் பாத்திருப்போம்" என்றேன். கன்னியம்மாள் அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டுகள் எல்லாம் தேய்த்ததில் போய்விட்டன. முன் முனையில் வைத்த ஒன்று மட்டும் மரத்துக்குள் இறங்கியிருந்தது. இன்னும் ஆழமாகத் தேய்த்தால் போகும். கஸ்தூரி அதை விரலால் தடவிப் பார்த்தாள். "இது வழுக்காது. இருக்கட்டும்" என்று விட்டுவிட்டாள். அதன்மேலேயே மூன்று நாளும் எண்ணெய் ஏறியது.

மூன்றாம் நாள் துடைத்துக்கொண்டே கன்னியம்மாள் கேட்டார். "அவ விழுந்தா இது அவள தூக்குமா?"

"தூக்கும். உள்ள காத்து இருக்குதில்ல. இந்தத் திருகாணி மட்டும் மூடியிருக்கணும். தெறந்திருந்தா தண்ணி பூந்துடும்."

கன்னியம்மாள் திருகாணியை விரலால் ஒரு தரம் தடவினார். பிறகு, "அவ கடலுக்குப் போறேன்னு போன் பண்ற அன்னிக்கெல்லாம் ஒரு ரூபாய மஞ்சத்துணில முடிஞ்சு இடுப்புல சொருகிக்குவேன்" என்றார். "கரைக்கு வந்துட்டேன்னு சொன்னப்புறம்தான் அவுத்து அண்ணாமலையார் உண்டியல்ல போடுவேன். ரெண்டு வருஷமா போடறேன். அவளுக்குத் தெரியாது."

மாடி அறைக் கதவைச் சாத்தி வைத்திருந்த அம்மாவும் இதே அம்மாதான். நான் எழுந்து கீழே வந்துவிட்டேன். கடையில் யாரும் இல்லை. சும்மா கொஞ்சநேரம் டப்பாக்களை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை கஸ்தூரி ஒரு புது வீட்டில் ஜன்னல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் சரக்கு இறக்கப் போயிருந்தேன். பத்தரை மணிக்கு அவள் போன் அடித்தது. கையெல்லாம் தூள் என்பதால், என்னை எடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். கன்னியம்மாள் குரல். பின்னால் ஒரே அலைச் சத்தம்.

"நாலாவதா வந்தா கஸ்தூரி! பத்தொம்போது பேருல நாலாவது!"

"வழுக்குச்சா?"

"வழுக்கவே இல்லயாம்."

"திருகாணி?"



"அத ஏன் கேக்கற. வண்டில வர்றதுக்குத் தெறந்து விட்டது அப்படியே இருந்துச்சு. அவ பேர கூப்டுட்டாங்க. ஸ்க்ரூ டிரைவர் எங்க போச்சுனே தெரியல. இவ பையெல்லாம் கொட்டித் தேடறா. பரசுராமன் அண்ணன் ரூபாயால மூடினாருன்னு நீ சொன்னியே, அது ஞாபகம் வந்துச்சு. என்கிட்ட வேற காசு ஏது? இடுப்புல சொருகியிருந்த மஞ்சத்துணிய அவுத்தேன். அந்த ரூபாயாலயே நான்தான் மூடினேன். 'இது என்னாம்மா?'ன்னா. 'வந்தப்புறம் சொல்றேன், போய்ட்டு வா'ன்னேன்."

கஸ்தூரி கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

"கஸ்தூரி? லைன்ல இருக்கியா?"

"இருக்கறேங்கக்கா. இறுக்கமா மூடினீங்களா?"

"மூடினேன். வந்ததும் நானே தெறந்தும் விட்டுட்டேன். வெயில் ஏறுதில்ல."

போனை வைத்த பிறகு கஸ்தூரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். முகமெல்லாம் வெள்ளையாகத் தூள் அப்பிக்கொண்டது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

"என்னாண்ணா பாக்கறீங்க? தூசுனு பொய்யெல்லாம் சொல்ல மாட்டேன். அழுவறேன்தான்" என்றாள்.